அந்தக் காலத்து லண்டன் நாடகங்கள்

"அந்தக் காலத்து இங்கிலீஷ் நாடகம் மாதிரி இப்போ ஒண்ணு வருதா?" என்று கேட்காத வீடு நம்மிடையே குறைவு. தோட்டமானாலும் சரி, பட்டணத்து அடுக்குமாடியானாலும் சரி, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு இப்படிப் பெருமூச்சு விடுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வாசக அன்பர்களே, அந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் இன்று உங்களோடு கொஞ்சம் பேச ஆசைப்படுகிறேன். அதில் பாதி நியாயம், பாதி மறதி. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

நியாயமான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1955 வரை ஒரே ஒரு தொலைக்காட்சிதான், பிபிசி. அந்த ஆண்டு செப்டம்பரில் விளம்பரத்தை நம்பி நடக்கும் ஐடிவி வந்தது. 1964-இல் பிபிசியின் இரண்டாவது அலைவரிசை தொடங்கியது. அதற்குப் பிறகு 1982 நவம்பரில் நான்காவது அலைவரிசை வரும்வரை, 18 ஆண்டுகள், அந்த நாட்டு மக்களுக்கு மூன்றே மூன்றுதான். பிபிசிக்கு விளம்பரம் கிடையாது. டிவி வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் கட்டும் லைசென்ஸ் பணத்தில்தான் அது நடந்தது. நம் நாட்டிலும் முன்பு அப்படி ஒரு லைசென்ஸ் இருந்தது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

மூன்றே அலைவரிசை என்றால் என்ன ஆகும்? ஒரு நல்ல நாடகம் போட்டால் நாட்டில் நாலில் ஒருவர் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். மறுநாள் பஸ்ஸிலும் தொழிற்சாலையிலும் அதே பேச்சு. 1967-இல் 'ஃபோர்சைட் சாகா' என்று 26 பகுதிகள் கொண்ட ஒரு குடும்பக் கதை வந்தது. மறு ஆண்டு அதை ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் மீண்டும் காட்டியபோது, சில தேவாலயங்கள் மாலைப் பிரார்த்தனை நேரத்தையே மாற்றிக்கொண்டனவாம். டிவியில் தமிழ்ப் படம் போடும் நாளில் நம் தோட்டத்துக் கோவில் பூசை சீக்கிரம் முடிந்துபோகுமே, அந்தக் கதைதான்!

பாட்டு, சிரிப்பு மட்டுமா? 1973-இல் 'மனிதனின் ஏற்றம்' என்ற பொருள்பட ஒரு விஞ்ஞானத் தொடர், 13 பகுதிகள். பேசியவர் ஜேக்கப் ப்ரோனோவ்ஸ்கி என்ற அறிஞர். ஒரு பகுதியில் அவர் போலந்து நாட்டு ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் ஒரு குட்டையருகே நிற்கிறார். அங்கே கொன்று எரிக்கப்பட்டவர்களின் சாம்பல் கரைக்கப்பட்ட குட்டை அது. அவருடைய சொந்தக்காரர்களும் அந்த முகாமில் மாண்டவர்கள். 'எனக்கு எல்லாம் தெரியும்' என்ற ஆணவம் மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்று பேசிக்கொண்டே, காலில் போட்ட சப்பாத்தோடு தண்ணீருக்குள் நடந்துபோய், குனிந்து ஒரு பிடி சேற்றை அள்ளுகிறார். பின்னணி இசை இல்லை, அழுகை இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, அதைவிட நல்ல பாடம் ஒன்றைப் பார்த்ததாக நினைவில்லை.

சிரிப்பு நாடகத்திலும் அந்தக் கவனம் இருந்தது. 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்ற ஓட்டல் நாடகம் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது அல்லவா? மொத்தமே 12 பகுதிகள்தான். 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு. ஜான் கிளீஸ், கோனி பூத் இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு பகுதியையும் வாரக்கணக்கில் செதுக்கி எழுதினார்கள். இன்று ஒரு தொடர் 500 பகுதி ஓடினால் விழா எடுக்கிறார்கள். 12-இல் நிறுத்திக்கொண்டவர்களை ஐம்பது ஆண்டுகள் கழித்தும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்த நாடகத்தில் மானுவல் என்று ஒரு பரிமாறுபவன் வருவான். ஸ்பெயின்காரன், இங்கிலீஷ் அரைகுறை. முதலாளி பாஸில் அவனைத் திட்டுவார், மண்டையில் தட்டுவார். அடி கொஞ்சம் அதிகம்தான் என்பது என் எண்ணம். ஆனால் ஒன்று கவனியுங்கள். கடைசியில் அவமானப்பட்டு நிற்பவர் யார்? எப்போதும் அந்த முதலாளிதான். கீழே உள்ளவனை மிதிக்கிறவன்தான் கோமாளி என்று கதை கட்டியிருக்கிறார்கள். மானுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸும் ஒரு வந்தேறிதான். பெர்லினில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி 1938-இல் சிறு பையனாக இங்கிலாந்து வந்தவர்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, நம்மவர்கள் அதிகம் கொண்டாடிய நாடகத்துக்கு வருவோம். 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்'! பெயரைச் சொன்னதுமே சிலர் முகத்தில் சிரிப்பு வந்திருக்கும். பல நாட்டிலிருந்து லண்டனுக்கு வந்தவர்கள் இரவுப் பள்ளியில் இங்கிலீஷ் படிக்கிறார்கள். வாத்தியார் மிஸ்டர் பிரவுன். மாணவர்களில் சீக்கியர் ரஞ்சித் சிங், பாகிஸ்தான்காரர் அலி, பின்னல் ஊசியும் நூலுமாக வரும் ஜமீலா என்று ஒரு கூட்டம்.

எங்கள் தோட்டத்தில் சம்பளம் போட்ட வாரத்து சனிக்கிழமை, நாலைந்து வீடுகள் சேர்ந்து பட்டணத்திலிருந்து வீடியோ பெட்டியை வாடகைக்கு எடுத்து வருவோம். இரண்டு தமிழ்ப் படத்தோடு இந்த நாடகக் கேசட் ஒன்றும் வரும். பால்மரம் வெட்டிய என் அப்பாவுக்கு இங்கிலீஷில் பத்துச் சொல் தெரிந்தால் அதிகம். ஆனாலும் வயிறு குலுங்கச் சிரிப்பார். ஒரு நாள் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எந்தத் துரை நம்ம பேச்சைக் கேட்டுட்டு இப்படிப் பொறுமையா நின்னிருக்கான்? இந்த ஆளு நிக்கிறான் பாரு!"

அப்பா பார்த்தது ரஞ்சித் சிங்கை அல்ல, மிஸ்டர் பிரவுனை. துரை பங்களா வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தப்பும் தவறுமாகப் பேசி, ஏளனமாகப் பார்க்கப்பட்டவர் அவர். தப்பாகப் பேசியவனைத் திருத்திவிட்டு மறுநாளும் "வாங்க" என்று உட்காரவைக்கும் ஒரு வெள்ளைக்காரர் அவருக்கு அதிசயமாக இருந்தார். அந்த வகுப்பறையில் தானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரிதான் சிரித்தார்.

ஆனால் அந்த நாடகத்தில் இன்னொரு சிரிப்பும் கேட்கும். ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த லண்டன் ரசிகர்களின் சிரிப்பு. அவர்கள் அந்த வகுப்புக்குள் உட்கார்ந்து சிரிக்கவில்லை, வெளியே நின்று சிரித்தார்கள். 1977 டிசம்பரில் தொடங்கி இரண்டே ஆண்டில், நல்ல கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோதே, அந்த நிலையத்தின் நிகழ்ச்சித் தலைவர் மைக்கேல் கிரேட் அதை நிறுத்திவிட்டார். பிற நாட்டாரை அச்சில் வார்த்த பொம்மைகளாகக் காட்டுகிறது என்பது அவர் சொன்ன காரணம். இந்தச் செய்தியைச் சொன்னால் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. "எங்களுக்கே மனசு வலிக்கல, அவருக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். நமக்கு வலிக்காததற்குக் காரணம், நாம் அதை இங்கே உட்கார்ந்து பார்த்தோம். அதே வாரம் லண்டனில் பள்ளிக்கூடம் போன ஒரு பஞ்சாபிப் பையனை, பக்கத்துப் பையன்கள் ரஞ்சித் சிங் மாதிரி தலையாட்டிக் கேலி செய்திருந்தால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? என் வகுப்பில் ஒரு பிள்ளை இங்கிலீஷ் வாசிக்கத் தடுமாறும்போது பின் பெஞ்சில் எழும் 'களுக்'கென்ற சிரிப்பு எனக்குத் தெரியும். அடுத்த முறை அந்தப் பிள்ளை வாயே திறக்காது.

இருந்தாலும் ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அந்த நாடகத்தில் ஆசியர்களாக நடித்தவர்களில் பலர் நிஜமாகவே நம் பக்கத்து மனிதர்கள். ரஞ்சித் சிங்காக வந்த ஆல்பர்ட் மோசஸ், இலங்கையில் தேயிலை நாட்டுக் கம்பளையில் பிறந்தவர். அலியாக வந்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். அதே காலத்தில், 1974 முதல் 1981 வரை, பிபிசியில் ஓடிய ஒரு பட்டாளத்து நாடகத்தில் இந்தியப் பணியாளராக வந்தவர் யார் தெரியுமா? மைக்கேல் பேட்ஸ் என்ற வெள்ளைக்காரர். முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு நடித்தார். அவர் பிறந்தது ஜான்சியில் என்பதையும் சொல்ல வேண்டும். இந்துஸ்தானி நன்றாகப் பேசுவார். ஆனாலும் சாயம் சாயம்தானே? இன்னும் மோசம், வெள்ளைப் பாடகர்கள் முகத்தில் கரி பூசி, வாயைச் சுற்றி வெள்ளை தீட்டிக்கொண்டு, கறுப்பர் வேடத்தில் ஆடிப்பாடிய நிகழ்ச்சி. பிபிசியிலேயே 1958 முதல் 1978 வரை இருபது ஆண்டுகள் நடந்தது. 1967-இல் இனப்பாகுபாட்டை எதிர்த்த அமைப்பொன்று மனுக் கொடுத்தும், மேலும் பதினோரு ஆண்டுகள் ஓடியது. பொற்காலம் என்கிறோமே, அந்தப் பொற்காலத்தின் சனிக்கிழமை இரவுகளில் இதுவும் ஒன்று.

இதையெல்லாம் ஏன் மறந்துவிட்டோம்? மறதிக்கு ஒரு விசித்திரமான துணையும் உண்டு. அந்த நாளில் வீடியோ நாடாவுக்கு விலை அதிகம். ஒரு தடவை ஒளிபரப்பி முடித்ததும், நாடாவைத் துடைத்துவிட்டு அதன்மேல் வேறொன்றைப் பதிவு செய்வார்கள். நடிகர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படி மறு ஒளிபரப்புக்கு வரம்பு இருந்ததால், "வைத்திருந்து என்ன பயன்?" என்று நினைத்தார்கள். 1970-களின் கடைசியில்தான் பிபிசி இந்தப் பழக்கத்தை விட்டது. 1969-இல் மனிதன் நிலவில் இறங்கிய இரவு பிபிசி ஸ்டூடியோவிலிருந்து நடத்திய நிகழ்ச்சியின் பதிவுகூட இன்று இல்லை என்றால் பாருங்களேன்!

1963-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்ற புகழ்பெற்ற தொடரின் ஆரம்ப காலப் பகுதிகளும் இப்படித்தான் போயின. ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. பிற நாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காக அவற்றை ஃபிலிமில் நகல் எடுத்து அனுப்பியிருந்தார்கள். லண்டனில் அழிந்தது, கப்பலேறிப் போன இடத்தில் பிழைத்துக் கிடந்தது! ஹாங்காங்கிலிருந்து ஒரு முழுக் கதை, நான்கு பகுதிகள், திரும்பக் கிடைத்தன. 2013-இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையமொன்றில் தூசி படிந்து கிடந்த ஃபிலிம் பெட்டிகளிலிருந்து மேலும் ஒன்பது பகுதிகள் கிடைத்த செய்தி வெளியானது. எஜமானர் வீட்டில் தொலைந்த நகையை, அவர்கள் ஆண்ட நாடுகளில் யாரோ பத்திரமாக வைத்திருந்து கொடுத்த மாதிரி இருக்கிறது.

ஆக, நமக்கு எஞ்சியவை எவை? துடைக்கப்படாமல் தப்பியவை, அவற்றிலும் திரும்பத் திரும்பப் போடும் தகுதி உள்ளவை. சளித்தெடுத்த அரிசியைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து வயலில் பதரே விளையவில்லை என்று பேசுகிறோம்.

சரி, பதரைத் தள்ளிவிட்டு அரிசிக்கே வருகிறேன். என்னைக் கேட்டால், அந்தப் பழைய லண்டன் தொலைக்காட்சியில் நாம் உண்மையாகவே ஏங்க வேண்டியது சிரிப்பு நாடகத்துக்கு அல்ல. 'கேத்தி கம் ஹோம்' என்ற ஒரு கறுப்பு வெள்ளை நாடகத்துக்கு. 1966 நவம்பர் 16-ஆம் தேதி பிபிசியில் வந்தது. எழுதியவர் ஜெரமி சாண்ட்ஃபர்ட், இயக்கியவர் கென் லோச். அன்றிரவு பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர்.

ஆசிரியர் பயிற்சியின்போது ஒரு விரிவுரையாளர் எங்களுக்கு இதைப் போட்டுக் காட்டினார். கேத்தி என்ற சாதாரணப் பெண். ரெஜ் என்ற வண்டியோட்டியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். முதலில் நல்ல வீடு. அவள் கர்ப்பமானதும் அந்த வீட்டை விட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. புருஷனுக்கு விபத்து, வேலை போகிறது. மாமியார் வீட்டில் ஒண்டுகிறார்கள், நெருக்கடி, சண்டை. ஒரு கிழவியின் வீட்டில் குடியேறுகிறார்கள். கிழவி இறந்ததும் காலி செய்யச் சொல்லிக் கோர்ட்டு ஆட்கள் கதவை உடைத்து வருகிறார்கள். பிறகு சக்கரம் வைத்த கேரவன் வண்டியில் வாழ்க்கை. அக்கம்பக்கத்தார் விரட்டித் தீ வைக்கிறார்கள். கடைசியில் அரசாங்க விடுதி. அங்கே தாயும் பிள்ளைகளும் மட்டுமே தங்கலாம், புருஷன் தங்கக்கூடாது. அங்கும் தவணை முடிகிறது. இரவு நேரம், ரயில் நிலையம். பெஞ்சில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கேத்தியிடமிருந்து, அதிகாரிகள் வந்து பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். அவள் கதறுகிறாள். அவ்வளவுதான் கதை.

அன்று வகுப்பில் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் ஐந்தாறு பேர். படம் முடிந்து விளக்கைப் போட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. லண்டன் கதைதான், ஆனால் எங்களில் யாருக்குத்தான் அது தெரியாது? வேலை போனால் வீடும் போகும் என்பது வெள்ளைக்காரக் கேத்திக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம், லயத்தில் பிறந்தவர்களுக்கு அது பிறப்போடு வந்த செய்தி. 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் நடந்து, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை கட்டியதும், அதைத் தடுக்கத் துன் சம்பந்தன் தொழிலாளர்களிடம் பங்கு சேர்த்து 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் நீங்கள் அறிந்ததே. அதற்குப் பிறகும் நின்றதா? 1990-களில் என் சித்தப்பா வேலை செய்த தோட்டம் வீடமைப்புக்காகக் கை மாறியது. சித்தி நட்ட முருங்கை மரம், கோழிக் கூண்டு, மாரியம்மன் கோவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரே லோரியில் இரண்டு குடும்பத்துச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சித்தப்பா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். சித்தி மட்டும் "கோவில் விளக்கை யாரு ஏத்துவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாராம்.

கேத்தியின் நாடகத்தால்தான் 'ஷெல்டர்' என்ற வீடற்றோர் உதவி அமைப்பு பிறந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல, அந்த அமைப்புக்கு ஏற்கெனவே ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நாடகம் வந்த இரண்டே வாரத்தில், டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கப்பட்டதால், மக்கள் மனம் இளகியிருந்த நேரம் அதற்குப் பெரிய பலமாயிற்று. வீடற்ற குடும்பங்களுக்கு இடம் தேடித் தருவது நகராட்சிகளின் கடமை என்று சட்டம் வர 1977 ஆனது. பதினோரு ஆண்டுகள்! ஒரு நாடகம் நாட்டையே மாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரி கட்டுகிற ஜனங்களின் லைசென்ஸ் பணத்தை எடுத்து, வீட்டு வரவேற்பறைக்குள்ளேயே, 'உங்கள் ஊரில் இப்படி நடக்கிறது பாருங்கள்' என்று காட்டும் நெஞ்சுரம் அவர்களுக்கு இருந்தது. நம் துண்டாடல் காலத்தைப் பற்றி அப்படி ஒரு நாடகத்தை நான் எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை.

அதே பிபிசி, நம் மண்ணையே தொட்டு எடுத்த தொடர் ஒன்றும் உண்டு. பெயர் 'டெங்கோ', 1981 முதல் 1984 வரை வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது, தப்பிக்கப் பார்த்து ஜப்பானியர் கையில் அகப்பட்ட வெள்ளைக்காரப் பெண்களின் முகாம் வாழ்க்கை. லவினியா வார்னர் என்பவர், அப்படி ஒரு முகாமிலிருந்து மீண்ட மார்கோ டர்னர் என்ற ராணுவத் தாதியைப் பற்றி ஒரு நிகழ்ச்சிக்காகத் தகவல் திரட்டியபோது உண்டான எண்ணம் அது. பெரும்பகுதியை எழுதியவர்களும் ஜில் ஹையம், ஆன் வேலரி என்ற இரண்டு பெண்கள். உயிரோடு இருந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அழகு காட்டும் நடிகைகள் இல்லை. அழுக்கும் பசியும் சண்டையும் ஒரு பிடி அரிசிக்கு நடக்கும் கணக்கும்தான். ஆனால் அதே ஜப்பான்காரர் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களின் கதை அதில் இல்லை. அது அவர்கள் எடுத்துக்கொண்ட கதையும் அல்ல.

போன பள்ளி விடுமுறையில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து உட்கார்ந்தார். எண்பத்தைந்தைத் தாண்டியவர். "என்ன டீச்சர், வெள்ளைக்காரிங்கள வெயில்ல நிக்க வெச்சிருக்கான்?" என்று கேட்டார். ஆள் கணக்கு எடுக்கிறார்கள் பாட்டி, டெங்கோ என்றால் அதுதான் அர்த்தம் என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"பெரட்டுன்னு சொல்லு. எங்கப்பாவையும் பெரட்டுல நிக்க வெச்சுத்தான் எண்ணினான். அப்படியே லோரியில ஏத்திட்டான். எனக்கு அஞ்சு வயசு. அப்புறம் ஆளே வரல."

இந்தக் கதையை எழுதியவர்கள் யார் என்று கேட்டார். இரண்டு பெண்கள், முகாமில் இருந்தவர்களிடம் போய் விசாரித்து எழுதினார்கள் என்று சொன்னேன்.

"நம்மகிட்ட யாரும் வந்து கேக்கலயே," என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, அந்தப் பொண்ணுக்குச் சோறு குடுத்தானா இல்லையா, அடுத்ததைப் போடு," என்றார்.